சக்கரக் கைப்பிடியும் பட்டாம்பூச்சிச் சீட்டும்

நியூ ஜெர்சியில் இருந்த பெல் தொலைபேசி ஆய்வகத்தில் ஒரு விசித்திரமான திருட்டு நடந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை, ஆள் இல்லாத நேரம் பார்த்து யாரோ அறைக்குள் புகுந்து, மேசைத் தொலைபேசியின் வயரை ஓர் அங்குலம் குறைத்துவிட்டுப் போனார்கள். மொத்தம் ஓர் அடி குறைந்த பிறகுதான், என்னவோ இடிக்கிறதே என்று ஊழியர்களுக்கு உறைத்தது. இதற்குப் பின்னால் இருந்தவர் ஜான் கார்லின் என்ற உளவியலாளர். அன்றைய வயரின் நீளம் மூன்று அடி. நாடு முழுக்க அத்தனை தொலைபேசிகள், அத்தனை செம்புக் கம்பி. இவ்வளவு நீளம் மக்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. "உங்கள் வயரைக் கொஞ்சம் வெட்டட்டுமா?" என்று நேரில் கேட்டால் யார்தான் தலையாட்டுவார்கள்? அதனால் கார்லின் யாரையும் கேட்கவில்லை. வெட்டிவிட்டு, யார் எப்போது முணுமுணுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்லின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், வயலின் வாசிப்பவர். 1945இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். பொறியாளர்கள் நிறைந்த அந்த வளாகத்துக்கு ஆராய்ச்சி உளவியலாளராக வந்த முதல் ஆள் அவர்தான். இன்று ஒரு டிஜிட்டல் ஏஜென்சியில் 'யூஎக்ஸ் டிசைனர்' என்று விசிட்டிங் கார்டு வைத்திருப்பவரின் தொழில் வம்சாவளியை எழுதினால், ஓவியர்களுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் முன்னால் இந்த மாதிரி உளவியலாளர்களின் பெயர்கள்தான் வரும். வங்கிக்கோ மருத்துவமனைக்கோ ஒரு செயலி செய்து தரும்போது, எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், படிவத்தில் எந்தக் கேள்வியை எடுத்துவிடலாம், ஆள் எந்த இடத்தில் முழிப்பார் என்பதையெல்லாம் யோசித்துத் தீர்ப்பது அந்த டிசைனரின் வேலை. நிறமும் எழுத்துருவும் அதற்குப் பிறகு வருபவை. வேலை முழுக்கத் திரையில்தான் நடக்கிறது என்றாலும், தொழில் பிறந்த இடத்தில் திரையே கிடையாது. அங்கே விமானம் இருந்தது.

ஓஹையோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டு, அமெரிக்க ராணுவத்தின் விமான ஆராய்ச்சித் தளம். 1942இல் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இளைஞர் அங்கே உளவியலாளராகப் போய்ச் சேர்ந்தார். அவர் முன்னால் வந்த புதிர் இது. பி-17 குண்டுவீச்சு விமானங்கள் நல்லபடியாகத் தரையிறங்குகின்றன. இறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சக்கரங்கள் உள்ளே மடங்கி, விமானம் வயிற்றால் தரையை உரசிக்கொண்டு போகிறது. தரையிறங்கியதும் விமானி செய்ய வேண்டியது, இறக்கையில் விரித்து வைத்த ஃபிளாப்புகளை உள்ளிழுப்பது. அதற்குப் பதிலாகச் சக்கரத்தை உள்ளிழுத்துவிடுகிறார். விசாரணை அறிக்கைகள் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தன: விமானியின் பிழை. பெயர் வைத்ததோடு விசாரணையும் முடிந்துவிடும்.

சப்பானிஸ் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். ஃபிளாப்புக்கு ஒரு சுவிட்ச், சக்கரத்துக்கு ஒரு சுவிட்ச். இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம், பக்கத்துப் பக்கத்தில். களைத்துப் போன ஒருவர் ஓடுபாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டினால் எது எது என்று எப்படித் தெரியும்? சி-47 ரக விமானத்தில் இந்த விபத்து ஏற்படவில்லை என்பதையும் அவர் கவனித்தார். அதில் இரண்டு கருவிகளும் வேறு வேறு விதமாக, வேறு வேறு இடத்தில் இருந்தன. விமானிகளில் ஒரு பிரிவினர் மட்டும் அசடுகளாகப் பிறந்திருக்க முடியாதே.

அவர் சொன்ன தீர்வு ஒரு சிறுவன்கூடச் செய்துவிடக்கூடியது. சக்கரக் கைப்பிடியின் நுனியில் ரப்பரால் ஒரு குட்டிச் சக்கரம், ஃபிளாப் கைப்பிடியின் நுனியில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு. தொட்டதுமே கைக்குத் தெரிந்துவிடும்; இருட்டிலும் தெரியும், பதற்றத்திலும் தெரியும். சக்கரக் கைப்பிடியின் குமிழ் சக்கரம் போலவும் ஃபிளாப்பின் குமிழ் இறக்கை போலவும் இருக்க வேண்டும் என்பது இன்று அமெரிக்கப் பயணிகள் விமானங்களுக்கான சட்ட விதி. பயணிகள் விமானத்தில் ஏறும்போது விமானி அறையின் கதவு திறந்திருந்தால் எட்டிப் பாருங்கள், அந்தக் குட்டிச் சக்கரம் கண்ணில் படலாம்.

போர் முடிந்த பிறகு, 1947இல், பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதையே பெரிய அளவில் செய்தார்கள். விமானக் கருவிகளை இயக்கியதில் நடந்த 460 தவறுகளை விமானிகளிடம் கேட்டுத் திரட்டி வகைபிரித்தார்கள். கருவிகளின் முள்ளையும் எண்ணையும் படித்ததில் நடந்த 270 தவறுகளுக்குத் தனி அறிக்கை. இரண்டு தலைப்புகளிலும் 'விமானி பிழை' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரே சரிதானா என்ற சந்தேகம் அந்தக் குறிகளில் இருக்கிறது. இந்தத் தொழிலின் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு தலைப்புகளைக் காட்டலாம்.

பெல் ஆய்வகத்தில் கார்லினின் துறை இதற்கிடையே வளர்ந்திருந்தது. 1950களின் இறுதியில் அவர்களிடம் வந்த கேள்வி: சுழற்றும் வட்டத்துக்குப் பதிலாகப் பொத்தான் வைத்தால், பத்து எண்களையும் எப்படி அடுக்குவது? இரண்டு வரிசையாகப் படுக்கவைத்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். பழைய வட்டம் போலவே அமைத்தார்கள். கூட்டல் இயந்திரத்தில் உள்ளதுபோல் 7, 8, 9 மேலே வருமாறும் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஆட்களை உட்காரவைத்து எண்களை அழுத்தச் சொல்லி, வேகத்தையும் தவறுகளையும் குறித்தார்கள். எது பிடித்திருக்கிறது என்றும் கேட்டார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் டைனிங்கர் 1960இல் முடிவுகளை வெளியிட்டார். பல அடுக்குகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்று நேர்மையாகவே அதில் சொன்னார். தேறியது மூன்று மூன்றாக, 1 மேலே தொடங்கி, 0 அடியில் தனியாக நிற்கும் அடுக்கு. 1963 நவம்பர் 18இல் அந்தப் பொத்தான் தொலைபேசி பென்சில்வேனியாவின் இரண்டு ஊர்களில் வாடிக்கையாளர்களுக்கு வந்தது. கையில் உள்ள மொபைலைத் திறந்தால், எண் அழுத்தும் பக்கத்தில் 1 மேலே இருக்கிறது, கால்குலேட்டரில் 7 மேலே இருக்கிறது. இரண்டு வேறு பரம்பரைகள் ஒரே கண்ணாடித் தட்டில் குடியிருக்கின்றன.

தமிழுக்கும் இந்தக் கேள்வி வந்தது, ஒரு தலைமுறை கழித்து. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவான விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது கைக்கும், அதிகம் புழங்கும் மெய்கள் வலது கைக்கும் போயின. 'க' விசையை இரண்டு தடவை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகிவிடும். 'ந'வும் 'த'வும் அடுத்தடுத்து வந்தால் 'ந்த'. தமிழ் எழுதுகிறவர் ஒரு பக்கத்தில் எத்தனை முறை 'க்க', 'ந்த' எழுதுகிறார் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது.

கணினிக்கு வருவோம். 1970இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனம் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. அங்கே லாரி டெஸ்லரும் டிம் மாட்டும், ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்தின் எடிட்டர்களுக்காக ஓர் எழுத்து மென்பொருள் செய்தார்கள். எடிட்டர்கள் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்று முதலில் பார்த்தார்கள். எடிட்டர்கள் காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, வேறு இடத்தில் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கணினிப் பழக்கமே இல்லாத ஓர் அலுவலகப் பெண்ணை வெற்றுத் திரை முன்னால் உட்காரவைத்து, இதில் எழுத்து இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், எப்படித் திருத்துவீர்கள் என்று டெஸ்லர் கேட்டார். உலகமே இன்று 'கட்', 'பேஸ்ட்' என்று சொல்வது அந்த எடிட்டர்களின் மேசையிலிருந்து எடுத்த வார்த்தைகளை.

டெஸ்லர் 1980இல் ஆப்பிளுக்குப் போனார். அங்கே 'லிஸா' கணினி உருவாகிக்கொண்டிருந்தது. வெளியாட்களை அழைத்து வந்து உட்காரவைத்துச் சோதிக்கும் பழக்கத்தை அவர் கையோடு கொண்டுபோனார். திரையில் ஒரு கேள்விப் பெட்டி வந்தால் அதில் இரண்டு பொத்தான்கள்: 'கேன்சல்', 'டூ இட்'. பொறியாளர்களுக்கு அது தெள்ளத் தெளிவு. ஆனால் சோதனைக்கு வந்தவர்கள் அந்த இடத்தில் தடுமாறினார்கள். ஒருவர் எரிச்சலே அடைந்துவிட்டார். ஏன் என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 'டூ', 'இட்' என்ற சொற்களுக்கு நடுவே இடைவெளி போதவில்லை; 'ஐ' என்ற பெரிய எழுத்து பார்வைக்கு 'எல்' போல இருந்தது. அவர் அதை 'டோல்ட்' என்று படித்திருந்தார். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் முட்டாள் என்று பொருள். கணினி தன்னை ஏன் முட்டாள் என்கிறது என்று அந்த மனிதர் குழம்பியிருக்கிறார். பொத்தானின் பெயரை 'ஓகே' என்று மாற்றினார்கள். மேக்கின்டாஷ் வழியாக அந்த 'ஓகே' பரவியது. உலகில் இத்தனை பேர் இத்தனை தடவை அழுத்தும் ஒரு சொல், பெயர் தெரியாத ஒருவருக்கு வந்த கோபத்திலிருந்து கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

இதே காலத்தில் அணு உலை ஒன்று பாடம் நடத்தியது. 1979 மார்ச் 28 அதிகாலை, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் தீவு. அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு திறந்தது. மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையின் விளக்கு, வால்வு மூடிவிட்டது என்ற எண்ணத்தையே தந்தது. அந்த விளக்கு காட்டியது 'மூடு' என்ற கட்டளை போனதை மட்டும். வால்வு உண்மையில் மூடியதா என்று அதற்குத் தெரியாது. கதவைச் சாத்தச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, கதவு சாத்தியாயிற்று என்று கணக்கு எழுதுவது போல. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகள் ஒரே நேரத்தில் அலறின. குளிரூட்டும் நீர் மணிக்கணக்கில் வெளியேறியது, உலையின் மையம் பாதிக்குமேல் சேதமாயிற்று. பழி முதலில் பணியில் இருந்தவர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று ஆராயப் போன குழுவில் டொனால்ட் நார்மன் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். தவறு செய்யத் தூண்டுவதற்கென்றே திட்டமிட்டிருந்தால்கூட அந்த அறையை அதைவிட நன்றாக வடிவமைத்திருக்க முடியாது என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நார்மன் 1988இல், கதவுக் கைப்பிடி, அடுப்புத் திருகு, தொலைபேசி இவற்றின் உளவியல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தள்ள வேண்டிய கதவை இழுத்து அவமானப்படும் ஒவ்வொருவருக்கும் அது ஆறுதல். 1993இல் ஆப்பிளில் சேர்ந்து, தன் பதவிக்கு 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ் ஆர்க்கிடெக்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டார். பிறகு 'யூஎக்ஸ்' என்று சுருங்கிய அந்தச் சொல் ஒரு வேலைப் பதவியாக அலுவலகக் கதவில் ஏறியது அப்போதுதான். பெட்டியைப் பிரிப்பது முதல் பழுதுபார்க்கக் கொடுப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் அவருக்குத் தேவைப்பட்டது.

அடுத்த ஆண்டே வலை விளம்பரம் வந்துவிட்டது. 1994 அக்டோபர் 27இல் ஹாட்வயர்டு தளத்தில் முதல் பேனர் விளம்பரங்கள் ஏறின. அப்போதிருந்து, விளம்பர உலகின் பழக்கவழக்கங்கள் இந்த உளவியலாளர்களின் தொழிலோடு சம்பந்தம் செய்துகொண்டன. 1995இல் நியூயார்க்கில் ரேஸர்ஃபிஷ், ஏஜென்சி.காம் என்ற இரண்டு நிறுவனங்கள் தொடங்கின. மான்ஹாட்டனின் அந்த வட்டாரத்துக்கே 'சிலிக்கான் ஆலி' என்று பெயர் விழுந்தது. ரேஸர்ஃபிஷ் 1999இல் பங்குச் சந்தைக்குப் போனது. கிளையன்ட், பிட்ச், டெட்லைன், மணிக்கணக்கில் பில் என்ற வாழ்க்கை இந்தத் தொழிலுக்கு வந்தது இப்படித்தான். ரைட் ஃபீல்டில் சப்பானிஸுக்குச் சம்பளம் கொடுத்தவரும் விமானம் விழுந்தால் இழப்பவரும் ஒருவரே, அமெரிக்க ராணுவம். ஏஜென்சியில் நிலைமை வேறு. பணம் கொடுப்பவர் கிளையன்ட், தடுமாறுபவர் அந்தக் கிளையன்ட்டின் வாடிக்கையாளர், அந்த அறைக்கு ஒருநாளும் வராதவர். கிளையன்ட்டுக்குக் காட்டப் படம் வேண்டும். பத்துப் பேரை உட்காரவைத்துப் பார்த்த ஒரு வாரத்தை எப்படிக் காட்டுவது? எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டு விழுவது அந்த வாரத்துக்குத்தான். அன்றும் அப்படி, இன்றும் அப்படி. இந்தத் தொழிலில் ஆதங்கம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

படத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பூ.காம் சாட்சி. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1999 நவம்பரில் திறந்த நவநாகரிக ஆடைக் கடை. ஆடையைச் சுழற்றிப் பார்க்கலாம், 'மிஸ் பூ' என்ற கார்ட்டூன் பெண் வழிகாட்டுவாள். ஆனால் அன்று வீடுகளில் இருந்தது டயல்-அப் மோடம். பக்கம் திறப்பதற்குள் வாங்க வந்தவர் எழுந்து போய்விடுவார். சுமார் 13 கோடி டாலர் கரைந்த பிறகு 2000 மே மாதம் கடையைக் கலைத்தார்கள். அதே 2000இல் வலைத்தளப் பயன்பாட்டு நிபுணர் யாகோப் நீல்சன், ஐந்து பேரைச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று வாதாடினார். சரிதானா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஏஜென்சிக்காரர்களுக்கு அது ஒரு வரம். பத்துப் பேருக்குக் கிடைக்காத அனுமதி ஐந்து பேருக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டின் இறுதியில் இந்தத் தொழிலைப் பற்றிக் கேள்விப்படாதவர்களும் ஒரு வடிவமைப்பைப் பற்றிப் பேசினார்கள். ஃப்ளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில், 2000 நவம்பர் 7 அதிபர் தேர்தலுக்காக, முதியவர்களுக்கு எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்ற நல்ல எண்ணத்தோடு வேட்பாளர் பெயர்களை இரண்டு பக்கங்களில் பிரித்துப் போட்டார்கள். துளையிட வேண்டிய வட்டங்கள் நடுவில் ஒரே வரிசை. விரித்த பட்டாம்பூச்சி போல இருந்ததால் அதுவே பெயராயிற்று. இடப்பக்கத்தில் புஷ் முதலாவது, கோர் இரண்டாவது. இயல்பாகக் கோருக்கு இரண்டாவது துளை என்று கை போகும். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தின் முதல் பெயரான புக்கனனுக்கு உரியது. கோரின் துளை மூன்றாவது. அந்த மாவட்டத்தில் புக்கனனுக்கு 3,400க்கும் மேல் வாக்குகள் விழுந்தன. சுமார் 19,000 சீட்டுகள் இரட்டைத் துளையால் செல்லாமல் போயின. கோருக்குப் போட நினைத்த 2,000 பேருக்கு மேல் தவறிப் புக்கனனுக்குப் போட்டார்கள் என்று அரசியல் ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டார்கள். மாநிலத்தில் புஷ் வென்றது 537 வாக்கு வித்தியாசத்தில். சீட்டை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று அந்த முதியவர்களை அன்று கேலி செய்தவர்கள் நிறைய. பி-17 விமானிகளுக்குக் கிடைத்த அதே பட்டம், அரை நூற்றாண்டு தாண்டி.

டாட்காம் சரிவில் ஏஜென்சிகள் வரிசையாக விழுந்தன. தகவல் அமைப்பு பற்றிய பாடப் புத்தகத்தையே எழுதியவர்களின் ஆர்கஸ் நிறுவனம் 2001இல் மூடியது. அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏழு பேர் சேர்ந்து அடாப்டிவ் பாத் தொடங்கினார்கள். அதை 2014இல் கேப்பிடல் ஒன் வங்கி வாங்கிக்கொண்டது. ஃப்யோர்டு ஏஜென்சியை அதற்கு முந்தைய ஆண்டே அக்சென்ச்சர் வாங்கியிருந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் 2011இல் சொந்தமாகவே ஒரு டிஜிட்டல் குழுவை அமைத்தது. அவர்கள் செய்த அரசுத் தளம், அலங்காரமே இல்லாத வெள்ளைப் பக்கம், 2013இல் லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டு விருதைப் பெற்றது. நடந்து முடிந்தது என்னவென்றால், சம்பளம் கொடுப்பவரும் இழப்பவரும் மறுபடி ஒரே கூரைக்குக் கீழே வந்தார்கள். ஏஜென்சிகள் மறையவில்லை. வெளியிலிருந்து வருபவர்தான் உள்ளே யாரும் வாய் திறக்காததைச் சொல்ல முடியும் என்பதால் இன்னும் கிளையன்ட்கள் வருகிறார்கள்.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஃபோட்டோஷாப் போய் 2010இல் ஸ்கெட்ச் வந்தது, 2016இல் ஃபிக்மா வந்தது. சோதனை அறை மட்டும் பெரிதாக மாறவில்லை. ஒரு மேசை, ஒரு போன், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவர். தொடங்கும்போது டிசைனர் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்வார். சென்னை அலுவலகத்தில் அது இப்படி வரும்: "நாங்க டெஸ்ட் பண்றது இந்த ஆப்பைத்தான், உங்களை இல்லைங்க. நீங்க எதுவும் தப்பாப் பண்ண முடியாது." வந்தவர் சரி என்று தலையாட்டுவார். இரண்டு நிமிடத்தில் பணம் அனுப்பும் பக்கத்தில் விரல் நிற்கும், தயங்கும், தவறான பொத்தானுக்குப் போகும். "ஸாரி, நான்தான் தப்பா அழுத்திட்டேன்" என்பார். குறிப்பெடுப்பவர் அந்த மன்னிப்பை எழுதுவதில்லை. விரல் எந்த இடத்தில் நின்றது, எத்தனை வினாடி நின்றது, பிறகு எங்கே போனது என்று எழுதுகிறார்.